மழையில் நனைந்த கேக்கும் சில சிரிப்புகளும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சாம்பாருக்காக அரைக் கிலோ சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டிக்கொண்டு, அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்த சமயத்தில், காதில் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலப் பாட்காஸ்டைக் கேட்டு எனக்கு மெய்யாகவே ஆத்திரம் வந்துவிட்டது. கண்ணில் வந்த நீர் வெங்காயத்தால். கையில் வந்த படபடப்பு அந்தப் பேச்சால்.

பேசியவர்கள் இரண்டு இளைஞர்கள். ஹாஸ்யம் அவர்கள் தொழில். (பெயர் வேண்டாம். அவர்களுக்கும் நல்ல நாட்கள் இருந்திருக்கும். நான் கேட்டது ஒரு நாள் பேச்சைத்தான்.) எடுத்துக்கொண்ட விஷயம், பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் என்ற குழுவினர் 1999-இல் வெளியிட்ட ‘ஐ வான்ட் இட் தட் வே’ என்ற பாட்டு. அதன் சாகித்யத்தை ஒருவர், கோர்ட்டில் வாக்குமூலம் படிக்கிற குமாஸ்தாவின் குரலில் வரிவரியாகப் படிப்பதும், மற்றவர் ஒவ்வொரு வரிக்கும் “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பதுமாக நாற்பது நிமிஷம் போயிற்று. அந்த நாற்பது நிமிஷத்தில் பாட்டை ஒரு விநாடிகூட ஒலிக்கவிடவில்லை. மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைக் கடைசி வரைக்கும் கேட்டிருந்தார்களா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அவர்கள் சொன்னது பொய்யா? இல்லை. அதுதான் சங்கடம்.

அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு, மகளின் பழைய கணக்கு நோட்டில் மிஞ்சியிருந்த ஒரு வெள்ளைத் தாளில் அந்தப் பாட்டு முழுவதையும் பென்சிலால் எழுதினேன். ‘அது’, ‘அப்படி’ என்ற பொருளில் வருகிற ஒவ்வொரு சுட்டுச் சொல்லுக்கும் கீழே கோடு போட்டு, எந்தச் சொல்லை அது சுட்டுகிறதோ அந்தச் சொல் வரைக்கும் ஓர் அம்புக்குறி இழுப்பது என்று வைத்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் தாள் பூராவும் அம்புகளாகிவிட்டது. தொடக்கத்தில் காதலன் தன் ஆசையாகச் சொல்லிக்கொள்ளுகிற அதே சொற்றொடரைப் பல்லவியில் காதலி வாயிலிருந்து கேட்கவே பிடிக்காதவனாகப் பேசுகிறான். ஆக ஓர் அம்பு மேலே போகிறது, அடுத்தது அதை வெட்டிக்கொண்டு கீழே வருகிறது, இரண்டு அம்புகள் தாளின் ஓரம் வரைக்கும் போய், சேருமிடம் தெரியாமல் அங்கேயே நிற்கின்றன.

பிறகு நோட்டை மூடாமலே பாட்டைப் போட்டேன்.

மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை அர்த்தத்தைத் துரத்திக்கொண்டே கேட்டதில் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாவது தடவை, வரிகள் எந்த ஓசையில் முடிகின்றன என்று மட்டும் கவனித்தேன். அம்பு போய்ச் சேராமல் நின்ற அதே இடங்களில்தான் தொண்டை தடையில்லாமல் திறக்கிற நீண்ட உயிரோசை வருகிறது. மெட்டும் அங்கேதான் நின்று மூச்சு விடுகிறது. மூன்றாவது தடவை, கடைசிப் பல்லவிக்கு முன்னால் சுருதி ஒரு படி மேலே ஏறுகிற இடத்தில், ஐந்து பேரும் சேர்ந்து அந்தப் பொருளற்ற வரியையே தூக்கிக்கொண்டு ஏறுவதைக் கேட்டபோது, எனக்கு அர்த்தம் ஒன்றும் தேவைப்படவில்லை.

இந்தப் பாட்டை எழுதியவர்கள் மாக்ஸ் மார்ட்டின், ஆன்ட்ரியாஸ் கார்ல்ஸன் என்ற இருவர். இருவருமே ஸ்வீடன் தேசத்தார்; தாய்மொழி ஸ்வீடிஷ். மெட்டு முதலில் பிறந்து, அதன் மேடு பள்ளங்களுக்கு இசைவாக உட்காருகிற ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பொருத்துவது ஸ்டாக்ஹோமில் அவர்கள் வேலை செய்த ஷீரோன் ஸ்டூடியோவின் முறை. (நம் சினிமாப் பாட்டுக்காரர்களுக்கு இது அதிசயமே இல்லை. மெட்டைத் தத்தகாரமாகக் கொடுத்து, “இதற்குச் சொல் போடுங்கள்” என்று சொல்வது இங்கே பல காலத்துப் பழக்கம். தத்தகாரத்தின் வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிற பல்லவிகள் நம்மிடத்தில் எத்தனை இல்லை!)

இன்னும் ஒரு விசேஷம். சாகித்யம் குழப்பமாக இருக்கிறதென்று அந்தக் காலத்திலேயே தோன்றி, ஒழுங்காக அர்த்தம் வருகிற ஒரு மாற்று வடிவத்தை எழுதி, அதே குழுவைப் பாடவைத்துப் பதிவும் செய்தார்கள். கடைசியில் குழுவினர் அர்த்தமில்லாத பழையதே வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். அந்த மாற்று வடிவம் பிற்பாடு வெளியே வந்தது. நான் கேட்டும் பார்த்தேன். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அம்புகளெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றன. ஆனால் மனசில் தங்கவில்லை. சிரிப்புக்கு இடமான அந்த வரிதான் பாட்டைத் தாங்கியிருக்கிறது என்பதை, நாற்பது நிமிஷம் சிரித்த அந்த இருவரில் ஒருவராவது ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

இந்த வாசித்துக் காட்டுகிற வித்தை புதிதல்ல.

1950-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிகவும் பிரபலமாக இருந்த ஸ்டீவ் ஆலன் என்பவர், ஜீன் வின்சென்ட் பாடி 1956-இல் வெளிவந்த ‘பீ-பாப்-ஏ-லூலா’ என்ற ராக் அண்ட் ரோல் பாட்டின் வரிகளை, மகாகவி ஒருவருடைய காவியத்தைப் பாராயணம் செய்கிற கம்பீரத்தோடு வாசித்துக் காட்டினார். சபையோர் சிரித்தார்கள். ஸ்டீவ் ஆலன் சங்கீதம் தெரியாதவர் அல்ல. பியானோ வாசிப்பவர், ஆயிரக்கணக்கில் பாட்டுகள் இயற்றியவர், ஜாஸ் சங்கீதத்தில் மிகுந்த பற்றுள்ளவர். ஆகவே, “சங்கீதம் தெரிந்தவன்தான் பரிகாசம் பண்ணலாம்” என்று நான் பல நாள் வைத்துக்கொண்டிருந்த ஒரு சட்டம் இங்கே உடைந்துபோகிறது. அவருக்குச் சங்கீதம் தெரியும்; ஆனால் வாசலில் வந்து நின்ற இந்தப் புதுச் சங்கீதத்தை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்க மனசு வரவில்லை. அந்த மனசு இல்லாதபோது ஞானம் இருந்தும் பிரயோஜனமில்லை என்றுதான் அந்த வாசிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

அதே வித்தையை 1965-இல் இங்கிலாந்தில் பீட்டர் செல்லர்ஸ் செய்தார். பீட்டில்ஸின் ‘எ ஹார்ட் டேய்ஸ் நைட்’ பாட்டை எடுத்துக்கொண்டு, லாரன்ஸ் ஒலிவியர் திரைப்படத்தில் நடித்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னனுடைய வேஷத்தையும் போட்டுக்கொண்டு, அந்தக் குரலில், அந்த இழுப்பில், அந்த வஞ்சகப் புன்னகையோடு பேசிக் காட்டினார். பகல் பூராவும் உழைத்துவிட்டு வீடு திரும்புகிறவன் பாடுகிற எளிய பாட்டு, கொலைக்குத் திட்டமிடுகிற ராஜாவின் தனிமொழியாக மாறுகிறது. எனக்கு அதைக் கேட்டு வயிறு வலித்தது. கேட்டு முடித்ததும் நான் செய்த முதல் காரியம், பீட்டில்ஸின் மூலப் பாட்டைத் தேடிப் போட்டதுதான்.

ஏன் இந்த வித்தியாசம்? செல்லர்ஸ் சொற்களுக்கு மெட்டை இல்லாமல் ஆக்கவில்லை. வேறொரு மெட்டைக் கொடுத்தார். எங்கே நிறுத்துவது, எந்த அசையை நீட்டுவது, எந்தச் சொல்லைப் பல்லுக்குள் வைத்துக் கடிப்பது என்பதை ஒரு பாடகனின் சிரத்தையோடு அவர் அமைத்திருக்கிறார். உள்ளே ஓர் உறவும் இருந்தது. பீட்டில்ஸின் இசைத்தட்டுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின்தான், அவர்களுக்கு முன்னாலேயே செல்லர்ஸின் ஹாஸ்ய இசைத்தட்டுகளையும் தயாரித்தவர், பி.பி.ஸி. வானொலியில் செல்லர்ஸும் அவருடைய நண்பர்களும் நடத்திய ‘தி கூன் ஷோ’வைக் கேட்டு வளர்ந்தவர் ஜான் லெனன். வீட்டு மனிதர் வீட்டுப் பிள்ளையைக் கேலிசெய்கிற மாதிரி அது.

இப்பொழுது கேக்குக்கு வருகிறேன்.

மயாமி ஹெரால்ட் பத்திரிகையில் பல வருஷம் ஹாஸ்யக் கட்டுரை எழுதிப் புலிட்சர் பரிசும் பெற்ற டேவ் பாரி, ஒரு சமயம் தமக்குப் பிடிக்காத பாட்டுகளைப் பற்றி எழுதப்போக, வாசகர்கள் தங்களுக்குப் பிடிக்காதவற்றையெல்லாம் மூட்டை மூட்டையாக எழுதி அனுப்பிவிட்டார்கள். அவர் அதை ஒரு வாக்கெடுப்பாகவே நடத்தி, 1997-இல் புஸ்தகமாகவும் போட்டார். வாசகர்கள் படுமோசம் என்று தேர்ந்தெடுத்த பாட்டு ‘மாக்ஆர்தர் பார்க்’. ஜிம்மி வெப் எழுதி, ஐரிஷ் நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸ் 1968-இல் பாடியது. (ஹாரி பாட்டர் படங்களில் முதல் இரண்டில் வெள்ளைத் தாடியோடு டம்பிள்டோராக வந்தாரே, அவரேதான்.) ஏழு நிமிஷம் 21 விநாடி ஓடுகிற அந்தப் பாட்டில், மழையில் யாரோ வெளியே விட்டுவிட்டுப் போன ஒரு கேக் நனைந்து கரைவதையும், இனி அப்படியொரு கேக்கைச் செய்ய முடியாதென்பதையும் எண்ணி ஒருவன் கதறுகிறான். பெரிய வாத்திய கோஷ்டி பின்னால் முழங்குகிறது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கேக்கை வைத்துச் சொல்லப்பட்ட ஹாஸ்யங்களுக்குக் கணக்கில்லை.

நானும் சிரித்தவன்தான். டேவ் பாரியின் எழுத்தைப் படித்துவிட்டு யாருக்குச் சிரிப்பு வராது? அவர் அந்தப் பாட்டுகளையெல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, அவை தலையை விட்டுப் போகமாட்டேனென்கின்றன என்று புலம்புகிறவர். பாட்டோடு பல காலம் குடித்தனம் நடத்தினவருடைய புலம்பல் அது.

ஆனால் அந்தக் கேக்கைப் பற்றி ஜிம்மி வெப் பிற்காலத்தில் சொன்னதைப் படித்தபிறகு என் சிரிப்பின் தினுசு மாறிவிட்டது. லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரத்தில் அந்தப் பெயரில் மெய்யாகவே ஒரு பூங்கா இருக்கிறது. அவர் காதலித்த பெண் அதற்கு எதிரில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள்; மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இருவரும் அந்தப் பூங்காவில் சந்திப்பார்கள். பாட்டில் வருகிறவை எல்லாம் தாம் அங்கே கண்ணால் கண்டவைதான் என்றும், கேக்கும் அங்கே நடந்த பிறந்த நாள் விருந்துகளில் பார்த்ததுதான் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். பாட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 21. இருபத்தொரு வயதில் காதல் முறிந்தவனுக்கு, பூங்காவில் இருந்த எல்லாமே, நனைந்துபோன தின்பண்டம் உட்பட, தன் துக்கத்தின் சாட்சியாகத்தானே தோன்றும்? அந்தப் பாட்டில் மிகவும் அபத்தம் என்று ஊர் சிரித்த பொருள்தான் அதிலே கலப்படமில்லாத உண்மை. 1978-இல் டானா சம்மர் அதை டிஸ்கோ தாளத்தில் பாடினாள். அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. ஜனங்கள் சிரித்துக்கொண்டே வாங்கியிருக்கிறார்கள், அல்லது ஆடிக்கொண்டே அழுதிருக்கிறார்கள். எப்படியானாலும் கேக்கை அவர்கள் விடவில்லை.

அந்தப் பாட்டையே ‘ஜுராஸிக் பார்க்’ என்று மாற்றி 1993-இல் பாடியவர் ‘வியர்ட் அல்’ யாங்கோவிக். இந்த மனிதரிடத்தில் எனக்கு ஒரு பக்தியே உண்டு. பகடிப் பாட்டுக்கு மூலக்காரரின் சம்மதம் அமெரிக்கச் சட்டப்படி பெரும்பாலும் அவசியமில்லை என்றிருந்தும், கேட்டுவிட்டுத்தான் செய்வது என்பதை அவர் ஒரு விரதமாக வைத்துக்கொண்டிருக்கிறார். நிர்வாணா குழுவின் பாட்டை 1992-இல் பகடி செய்ய விரும்பியபோது, அவர்கள் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சிக்கு வந்திருந்த சமயம் பார்த்து, கர்ட் கோபேனைத் தொலைபேசியில் பிடித்தார். சாப்பாட்டைப் பற்றிய பாட்டா என்று கோபேன் கேட்டாராம். இல்லை, உங்கள் பாட்டின் வார்த்தைகள் யாருக்கும் புரியவில்லை என்பதைப் பற்றிய பாட்டு என்று இவர் சொன்னதும், உடனே சம்மதம் கிடைத்தது. புரியவில்லை என்பதை மூலக்காரரிடத்திலேயே சொல்லி, அவரையும் சிரிக்கவைத்து, அதற்கப்புறம் பாடின அந்த மரியாதை எவ்வளவு அழகு!

இவ்வளவையும் இராத்திரிச் சாப்பாட்டின்போது நான் சொல்லிக்கொண்டிருக்க, கல்லூரியில் படிக்கிற என் மகள் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, “அப்பா, நாலு கார்டு பாட்டு கேட்டிருக்கீங்களா?” என்றாள். கை கழுவிவிட்டுக் கூடத்தில் இருந்த கீபோர்டின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

ஸி, ஜி, ஏ மைனர், எஃப். நாலே பிடிகள். இடது கையால் அவற்றை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’யைக் கொஞ்சம் முனகினாள், விரல்களை எடுக்காமலே அது பாப் மார்லியின் ‘நோ வுமன் நோ க்ரை’ ஆயிற்று, அங்கிருந்து யு2 குழுவின் ‘வித் ஆர் விதவுட் யூ’, அங்கிருந்து ஜேஸன் ம்ராஸின் ‘ஐயாம் யுவர்ஸ்’. நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டு விரல் மட்டும் ஏ மைனருக்குப் போகும்போது ஒரு கணம் தயங்கிற்று. மற்றபடி ஒரு சக்கரம் சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. ‘ஆக்ஸிஸ் ஆஃப் ஆஸம்’ என்ற ஆஸ்திரேலிய ஹாஸ்யக் குழுவைச் சேர்ந்த மூவர், இந்த நாலு பிடிகளின்மேல் 30-க்கும் மேற்பட்ட பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பாடியிருக்கிறார்கள்.

“அப்ப எல்லாம் ஒரே பாட்டுதான்னு சொல்றாங்களா?” என்றேன்.

“ஒரே பாட்டா இருந்தா எனக்கு எப்படிப்பா ஒவ்வொண்ணும் தனியாத் தெரியுது?”

எனக்கும் அதுதான் தோன்றிற்று. ஒரே ராகத்தில் நூறு கீர்த்தனைகள் இருப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு (ராகமும் இந்தப் பிடி வரிசையும் ஒன்றல்ல, ஆனாலும் மனசு அங்கேதான் போகிறது), அடித்தளம் ஒன்றாயிருப்பது ஒரு குற்றமாகப் படுவதில்லை. அந்த மூவரின் ஹாஸ்யத்தில் எனக்குப் பிடித்தது, “பாப் பாட்டெல்லாம் மோசடி” என்று மேடையில் நின்று பிரசங்கம் பண்ணாமல், அத்தனை பாட்டுகளையும் கற்று, ஒவ்வொன்றின் சாயலும் கெடாமல் பாடிக் காட்டுகிறார்களே, அந்தப் பிரயாசைதான்.

மறுநாள் அமெரிக்காவில் இருக்கிற என் அக்கா மகனுக்கு என் மனத்தாங்கலை எழுதியிருந்தேன். பதிலுக்கு அவன் ஒரு குரல் செய்தி அனுப்பினான்: “மாமா, அவனுங்கள விடுங்க. இவரு பேசுறத ஒரு மணி நேரம் கேளுங்க. பாட்டு எப்ப வரும்னு மட்டும் கேக்காதீங்க.”

அவன் அனுப்பியது ராப் ஹார்வில்லா என்ற பத்திரிகையாளருடைய பாட்காஸ்ட். ‘90-களை விளக்கும் 60 பாட்டுகள்’ என்று தமிழில் சொல்லலாம். 2020-இல் தொடங்கியது. அறுபது என்று பெயர் வைத்துவிட்டு, விட மனசில்லாமல் அவர் 120 பாட்டுகள் வரைக்கும் போனார். அப்புறம் அடுத்த பத்தாண்டுக்கும் தாண்டிவிட்டார். இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிடித்த விஷயத்தைப் பேசுகிறவனுக்கு எண்ணிக்கையில் எப்படிக் கட்டுப்பாடு இருக்கும்?

மருமகன் எச்சரித்தபடி, பாட்டு சீக்கிரத்தில் வருகிறதில்லை. பாகவதர் சீதா கல்யாணம் என்று ஆரம்பித்துவிட்டு, வழியில் ஒரு கிளைக்கதை, கிளைக்கதைக்குள் ஒரு உபகதை, அதற்குள் தம் ஊர்ச் சமாசாரம் ஒன்று என்று போய்க்கொண்டே இருந்து, ஜனங்கள் சீதையையே மறந்துபோன கட்டத்தில் சட்டென்று வில்லை முறிக்கிற இடத்துக்கு வந்து நிற்பாரல்லவா? அந்த மாதிரிதான் இவரும். தம் இளமைக் காலம், கேட்ட வானொலி, வாங்கின ஒலிநாடா, வேறு ஏதோ ஒரு குழு, அந்தக் குழுவின் மறந்துபோன ஒரு பாட்டு என்றெல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் எடுத்துக்கொண்ட பாட்டின் ஒரு சிறு துணுக்கைப் போட்டு, நிறுத்தி, அதில் பாடகியின் குரல் ஓரிடத்தில் உடைவதையோ முரசு ஒரு கணம் தாமதிப்பதையோ பிடித்துக்கொள்ளுகிறார். அபிப்பிராயங்கள் தாராளமாக இருக்கின்றன, மிகைப்படுத்திப் பேசுகிறார், கத்துகிறார், நான் நடுநடுவே வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் பாட்டு வந்து சேருகிறபோது அதற்கு ஒரு ஆசனம் தயாராக இருக்கிறது.

ஒன்றில் மட்டும் நான் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அலானிஸ் மோரிசெட்டின் ‘ஐரானிக்’. 1995-இல் வெளிவந்த அவளுடைய இசைத்தொகுப்பில் இருக்கிற பாட்டு. அதில் அடுக்குகிற துரதிர்ஷ்டங்கள் எவையும் அந்த ஆங்கிலச் சொல்லின் சரியான பொருளுக்குப் பொருந்தவில்லை, அவை வெறும் கெட்ட நேரங்கள்தாம் என்று ஐரிஷ் ஹாஸ்ய நடிகர் எட் பிர்ன் மேடையில் பிரித்துப் பிரித்துக் காட்டினார். அவர் காட்டின விதம் பிரமாதம். ஆனால் அதற்கப்புறம், பாட்டைக் கேட்டறியாதவர்கள்கூட அந்த ஒரு குற்றச்சாட்டை மட்டும் மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கல்யாண நாளன்று மழை பெய்வதும் அந்தப் பட்டியலில் வருகிறது. (பச்சரிசியை அள்ளித் தின்றால் கல்யாணத்துக்கு மழை வரும் என்று பாட்டியிடம் ஏச்சு வாங்கின நமக்கு அதன் நியாயம் நன்றாகவே விளங்கும்.) அகராதிப்படி அவள் செய்தது பிழையாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பட்டியலை அவள் பாடுகிறபோது, பல்லவிக்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, பிறகு தொண்டை கீற எழுப்புகிறாளே, அந்த எழுச்சியை விளக்க எந்தச் சொல் பொருந்தும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்கிறேன். 2015-இல் ஜேம்ஸ் கார்டன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்து, புதுக் காலத்துத் துரதிர்ஷ்டங்களைப் போட்டு அதே பாட்டை அவளே அவரோடு சேர்ந்து பாடிக் காட்டி, அந்தக் கேலியையும் தன் பாட்டுக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டாள்.

அம்புகள் போட்ட நோட்டு இன்னும் கூடத்து மேஜைமேல்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி மகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, ஓரத்தில் நின்றுபோன இரண்டு அம்புகளுக்கும் முனையில் ஆளுக்கொரு சிறிய ஸ்வரக் குறி வரைந்துவைத்திருக்கிறாள். இன்றைக்கு அவளுக்கு ‘மாக்ஆர்தர் பார்க்’ போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஏழு நிமிஷம் 21 விநாடியும் எழுந்திருக்கக் கூடாது என்று நிபந்தனை. டிஸ்கோ வடிவம் அதற்கு அப்புறம்தான்.